நடந்து போன கப்பல்மேடை

எங்கள் ஊர்க் கப்பல்மேடை எதிர்க்கரைக்கு நடந்து போன காலையில் பவுனம்மா அதன்மேல் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். அதனால் காலில் தண்ணீர் படாமல் நெட்டாற்றைக் கடந்த முதல் பெண் என்ற பெயர் அவளுக்குக் கிடைத்தது. அந்தப் பெயரை அவள் ஒருநாளும் பெருமையாக எடுத்துக்கொண்டதில்லை. நடு ஆற்றில் மேடை ஒரு குலுக்குக் குலுக்கியதில் நல்ல காரல் கருவாடு பாதி தண்ணீரோடு போய்விட்டது, அதற்கு யார் பதில் சொல்வது என்பதே அவள் பேச்சாக இருந்தது.

கடல் நன்றாக ஏறியிருந்த நேரம். சேற்றில் படுத்திருந்த எருமை எழுந்திருப்பதுபோல மேடை முதலில் முன்னங்கால்களை உருவியது, பிறகு பின்னங்கால்களை உருவியது, உருவிய இடத்திலெல்லாம் குமிழி வந்தது, பிறகு ஒன்றும் அவசரமில்லாதவர் மாதிரி ஆற்றுக்குள் இறங்கி நடந்தது. பவுனம்மா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஸ்டாப்பில் நிறுத்தாமல் போகும் பஸ்ஸைத் தட்டுவதுபோல மேடையின் பலகையைத் தட்டி, "நில்லு, நில்லு! மேல ஆள் கீது!" என்று கத்தினாள். கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். "இன்னா பவுனம்மா, எங்கே கிளம்பிட்டே?" என்று ஒருவர் கேட்டார். "அதையே கேளு!" என்றாள் பவுனம்மா.

மேடை நொண்டி நொண்டித்தான் நடந்தது. அது ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

புகைக்கப்பலைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் ஊரான ஆலங்கழியில் இப்போது யாரும் இல்லை, பார்க்காதவர்களுக்குத்தான் அது மிக நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதன் புகைபோக்கி ஒரு பனை உயரம் என்பார் ஒருவர், ஒன்றரைப் பனை என்று திருத்துவார் இன்னொருவர். கடல் ஏறும் நேரம் பார்த்து அது முகத்துவாரத்தின் வழியாக ஆற்றுக்குள் வரும், வரும்போது விசில் ஊதும், ஊதினால் ஊர் நாய்களெல்லாம் கூடிப் பதில் ஊளையிடும், ஊளை முடிவதற்குள் கப்பல் மேடையில் வந்து இடிக்கும், இடித்ததும் தகரப்பெட்டிகளும் பலாப்பழங்களும் மூக்குக்கண்ணாடிக்காரர்களும் புதுப்பெண்டுகளும் இறங்குவார்கள், இறங்குகிறவர்களுக்கும் ஏறுகிறவர்களுக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் ஆளியை உடைத்து, மிளகுத்தூள் தூவி, பாதாம் இலையில் வைத்து விற்பார்கள். ஆளி என்பது கல்போல ஓடுகொண்ட ஆற்றுச் சிப்பி. உள்ளே இருப்பது ஒரு விரல் அளவுச் சதைதான், ஆனால் தின்றவர்கள் கப்பல் புறப்படும்வரை பேசாமல் இருப்பார்கள். தின்றுவிட்டு ஓட்டை ஆற்றில் வீசுவார்கள். வீசிய ஓட்டில் குஞ்சு ஒட்டும், குஞ்சு மேடையின் கால்களுக்குப் பரவும், அடுத்த கப்பலுக்கு அது வளர்ந்து நிற்கும்.

பிறகு மேற்கே சாலைப் பாலம் வந்தது. கப்பல் ஒருநாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அப்புறம் வராமல் இருப்பதே அதன் வழக்கமாகிவிட்டது. மேடை மட்டும் பர்மாத் தேக்குக் கால்களோடு அங்கேயே நின்றது. கடைசியாக வந்த கப்பல் இடித்ததில் அதன் ஒரு கால் அடியில் ஒடிந்துபோய், இரும்புப் பூண் போட்டும் சேற்றைத் தொடாமல் ஒரு முழம் தூக்கலாகவே தொங்கியது.

ஆளி எடுப்பது எங்கள் ஊரில் பெண்களின் வேலை. வத்தம் பிடித்துத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், இடுப்பில் ஓலைப்பறியும் கையில் உளியுமாக இறங்கி, மேடையின் கால்களில் ஒட்டியிருப்பதைக் கொத்துவார்கள். ஒவ்வொரு காலுக்கும் ஒரு பெயர் உண்டு, ஒவ்வொரு காலும் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு உண்டு. விசில்கால், மணிக்கால், கட்டுக்கயிற்றுக்கால், டிக்கெட்டுக்காரன் சாய்ந்து சாய்ந்து வழவழப்பான சாய்கால். அம்மாவிடமிருந்து மகளுக்கு வரும். சேற்றைத் தொடாத அந்தக் குறைக்காலுக்கு நொண்டிக்கால் என்று பெயர். நாலு பக்கமும் நீரோட்டம் பாய்வதால் ஆளி அதில்தான் நன்றாகக் கொழுத்து வரும். நொண்டிக்கால் தேசராணியுடையது.

இதற்கு ஒரு சட்டம் இருந்தது. மேடை நிற்கும் கரையில் எவளுடைய அடுப்பு எரிகிறதோ அவளுக்கே கால். வேறு கரையில் கட்டிக்கொண்டு போகிறவள், போகிற அன்றைக்கே தன் உளியைப் பிறந்த வீட்டில் இருக்கிற பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். இந்தச் சட்டத்தைச் செய்தவர்களுக்கு மேடை நடக்கும் என்று தோன்றியிருக்காது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

தேசராணி சோலைத்திடலைச் சேர்ந்த பரசுவைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். சோலைத்திடல் நேர் எதிர்க்கரை, இந்தக் கரையில் தாளித்தால் அந்தக் கரையில் தும்முவார்கள். பரசு அங்கே நண்டு வலைக்காரன். அவனோ வீட்டோடு மாப்பிள்ளையாக இங்கே வந்தால் அவனுடைய வலைப்பங்கு அண்ணன் தம்பிகளுக்குப் போய்விடும், அது அந்த ஊர்ச் சட்டம். ஆக, கல்யாணம் நடந்தால் யாராவது ஒருவர் வெறுங்கையோடு நிற்கவேண்டும். நிச்சயதார்த்தத்துக்கு மூன்று முறை நாள் பார்த்தார்கள், மூன்று முறையும் தேசராணி தள்ளிப்போட்டாள்.

"உளியைக் குடுத்துட்டுப் போயேன். எதிர்த்தாப்பலே இருக்கிற ஊருக்கு இன்னா இத்தினி யோசனை?" என்பாள் பவுனம்மா. தேசராணியின் அண்ணன் மனைவி அவள். உளி அவள் கைக்குத்தான் வரவேண்டும்.

"எங்கம்மா குடுத்த காலு அண்ணி. அதுல கொத்திக் கொத்தித்தான் எங்களை வளத்துச்சு. உங்க வீட்டுக்காரருக்கு சைக்கிள் வந்ததும் அந்தக் காலுலதான்."

"அதான் சொல்றேன். எங்க வீட்டு சைக்கிளு, எங்க வீட்டுலயே இருக்கட்டும் காலும்."

"அப்போ பரசுவையும் எனக்காக நீங்களே கட்டிக்கோங்க."

"ஐயே, அவன் நண்டு வாடை" என்பாள் பவுனம்மா. அத்தோடு அன்றைய பேச்சு முடியும். மறுநாள் வத்தத்துக்கு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கால்களில் முதுகைக் காட்டிக்கொண்டு கொத்துவார்கள். பவுனம்மாவுக்குத் தாய்வீட்டு வழியில் கிடைத்தது சாய்கால். டிக்கெட்டுக்காரன் வழவழப்பாக்கிவிட்டுப் போனதில் அதில் ஆளி சரியாக ஒட்டுவதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மேடை நடந்தது.

சோலைத்திடல்காரர்களுக்குப் புகைக்கப்பல் விஷயத்தில் ஒரு பழைய மனவருத்தம் உண்டு. கப்பல் அவர்கள் கரையில் ஒருநாளும் நின்றதில்லை. அவர்கள் வரிசையாக நின்று கையாட்டுவார்களாம், அது ஒரு சின்ன விசில் ஊதிவிட்டு எங்கள் பக்கம் திரும்பிவிடுமாம். "கப்பல் திரும்பிப் பாக்காத கரை" என்று நாங்கள் அவர்களைச் சொல்வோம், "கல்லை நக்கித் தின்கிற ஊர்" என்று அவர்கள் எங்களைச் சொல்வார்கள். அதனால் மேடை தானாக நடந்து வந்து அவர்கள் கோயிலுக்கு நேரே, ஒரு பெருமூச்சுபோல நீரைக் கலக்கிவிட்டு நின்றபோது, அவர்கள் ஏன் என்று கேட்கவில்லை, ஏன் இத்தனை தாமதம் என்றுதான் கேட்டார்கள். பவுனம்மாவைக் கைகொடுத்து இறக்கினார்கள், மேடையின் முன்கால்களுக்கு மாலை போட்டார்கள், சாயங்காலத்துக்குள் நல்ல வேட்டி இருந்தவர்களெல்லாம் அதைக் கட்டிக்கொண்டு மேடையில் ஏறி இரண்டு பக்கமும் பார்த்தபடி உலாவினார்கள். அவர்களுடைய பெண்கள் ஆளி கொத்தப் பழகினார்கள். ஒருத்தி தேங்காய்த் துருவியால் முயன்றாள், ஒருத்தி ஓட்டோடு குழம்பில் போட்டு மத்தியானம்வரை கொதிக்கவிட்டாள். அன்றைக்கு அந்தக் கரையிலிருந்து வந்த வாசனையை எங்களால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

எங்கள் பக்கம் கூட்டம் கூடியது. ஊர் நாட்டார் வேதகிரி, பேசுவதற்கு முன் மீசையைத் துண்டால் ஒரு தடவு தடவிக்கொள்கிறவர், தடவிக்கொண்டு, "சட்டம் இன்னா சொல்லுது?" என்றார்.

"மேடை நிக்கிற கரையில எவ அடுப்பு எரியுதோ அவளுக்குத்தான் காலு" என்றார்கள் எல்லோரும். சொல்லி முடித்த பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. பெண்கள் தங்கள் உளிகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

"எதிர்க்கரையில நம்ம ஊருப் பொண்ணு யாராச்சும் அடுப்பு வெச்சிருக்காளா?" என்று கேட்டார் நாட்டார்.

யாரும் இல்லை. உளியைக் கொடுக்க மனமில்லாமல் இரண்டு தலைமுறையாக எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண்ணும் அங்கே வாழ்க்கைப்பட்டதில்லை. எல்லாத் தலைகளும் மெல்லத் தேசராணியின் பக்கம் திரும்பின. முதலில் பேசியவள் அப்போதுதான் படகில் திரும்பி வந்திருந்த பவுனம்மா.

"பொண்ணே, பரசு நல்ல பையன்தானே? அவன் மேல இன்னா குறை?"

"நண்டு வாடைன்னீங்களே அண்ணி?"

"நண்டு இன்னா சாதாரண ஜீவனா? நாளைக்கே கல்யாணத்தை வெச்சுக்கலாம். நீ அங்கே போய் அடுப்பை மூட்டு, எங்க எல்லாருக்காகவும் காலைப் புடிச்சுக்கோ."

தேசராணி தன் உளியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "நேத்து வரைக்கும் போனா காலு போயிடும்னீங்க. இன்னிக்குப் போகலேன்னா காலு போயிடும்னு சொல்றீங்க. எனக்கு எந்தப் பக்கம் நடக்கிறதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

தகரப்பெட்டியில் அவளுடைய புடவைகளை அடுக்கினார்கள், பித்தளைச் செம்பை வைத்தார்கள், புதிதாக ஒரு மண் அடுப்பும் வாங்கிவைத்தார்கள். பரசுவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவன் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு படகில் ஏறிய நேரத்தில் கடல் ஏறியது, மேடை மாலையோடு எழுந்து நொண்டி நொண்டி எங்கள் கரைக்குத் திரும்பி வந்துவிட்டது.

"அவசரம் இன்னா, வைகாசி வரட்டுமே, உளியைக் குடுத்துட்டே போலாம்" என்றாள் பவுனம்மா, பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்துக்கொண்டே.

அதற்குப் பிறகு இது வழக்கமாகிவிட்டது. அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் கடல் பெரிதாக ஏறும் நாட்களில் மேடை எழுந்து நடக்கும், எந்தக் கரையில் நிற்கவேண்டும் என்று தோன்றுகிறதோ அந்தக் கரையில் நிற்கும். ஊர்கள் பழகிக்கொண்டன. மேடை புறப்படும் நேரம் பார்த்து ரேஷன் வாங்கப் போகிறவர்கள் அதில் ஏறிக்கொண்டார்கள், ஒரு ஆட்டுக்குட்டி அதில் தூங்கிப்போய் இரண்டு கரைக்கும் சொந்தமானது, "மேடையில வந்தேன்" என்று சொன்னால் தாமதத்துக்குப் பள்ளிக்கூடத்தில் மன்னிப்பு உண்டு என்று ஆனது. கோட்டையிலிருந்து அளவெடுக்க வந்த ஆபீசர் ஒருவர் ஒரு முனையில் நாடாவை வைத்துவிட்டு மறுமுனைக்குப் போவதற்குள் அது எழுந்து நடந்ததால், நாடாவைச் சுருட்டிக்கொண்டு, "இது நிலையான கட்டடம் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

பழகிக்கொள்ள முடியாதவள் தேசராணி ஒருத்திதான். மேடை அங்கே போனால் அவளுடைய கல்யாணம் நிச்சயமாகும், இங்கே வந்தால் உளியைக் கொடுக்க மனமில்லாமல் முறியும். சோலைத்திடல்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மேடை தங்கள் பக்கம் நிற்கும்போது, "ஆளியைப் பங்கு கேக்க வர்ற மருமக எங்களுக்கு வேணாம்" என்பார்கள். அது எங்கள் பக்கம் வந்ததும், "பொண்ணு நல்ல பொண்ணு, உளியோட வந்தா வரட்டும்" என்பார்கள். பெட்டியை அடுக்கியும் பிரித்தும் அலுத்துப்போய், தேசராணி ஒரு கட்டத்தில் அதைப் பிரிப்பதையே விட்டுவிட்டாள். பூட்டியபடி வாசலில் இருந்தது அது, மண் அடுப்பும் அதன்மேல் கவிழ்த்தபடி.

ஒரு வத்தத்தில் அவள் நொண்டிக்காலில் கொத்திக்கொண்டிருந்தபோது பரசு படகை ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ராணி, நான் என் வலைப்பங்கை விட்டுட்டு வந்துடறேன்."

"வந்து இன்னா பண்ணுவே? என் காலுல வாழ்வியா?"

"ஏன், வாழக்கூடாதா?"

"வாழலாம். வாழ்ந்தா ரெண்டாம் மாசம் எங்கண்ணி 'எங்க வீட்டு சைக்கிளு'ன்னு ஆரம்பிக்கும், நீ மூஞ்சைத் தூக்கிவெச்சுப்பே. அதைவிட நான் உளியைக் குடுத்துட்டு அங்கே வந்து உன் மூஞ்சையே பாத்துக்கிட்டு இருக்கலாம். அதுவும் ரெண்டு மாசம்தான் நல்லா இருக்கும்." அவள் ஓர் ஆளியை உடைத்து உளி முனையிலேயே நீட்டினாள். அவன் சோலைத்திடல்காரன், ஆளி தின்று பழக்கமில்லை. கண்ணை மூடிக்கொண்டு தின்றான், பிறகு வெகுநேரம் பேசவில்லை.

"எனக்கு ரெண்டும் வேணும் யோவ்" என்றாள் தேசராணி, கொத்துவதை நிறுத்தாமல். "ஒண்ணைக் குறைச்சுக்கோன்னு சொல்றவங்க யாருக்கும் எதுவும் குறையலையே."

இப்படியே விட்டால் சரிப்படாது என்று முதலில் நினைத்தது நாங்கள்தான். மேடை எதற்காக நடக்கிறது? கப்பலைத் தேடித்தான். கப்பலைக் காட்டிவிட்டால் நம் கரையில் நின்றுவிடும். இது எங்கள் நாட்டார் கண்டுபிடித்தது. இதில் தவறு இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பெரிய ஃபைபர் படகு ஒன்றை எடுத்து, நடுவில் தார் பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிப் புகைபோக்கி ஆக்கி, உள்ளே தேங்காய் மட்டையைக் கொளுத்தி, இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் பதில் நாலு நாலு பேர் முறத்தால் தண்ணீரை அடித்து, விசிலுக்குக் கோயில் சங்கை எடுத்துக்கொண்டு நாட்டாரே முன்னால் நின்றார். புகையில் அவர் மீசை முதல் நாளே கருத்துவிட்டது. நாய்கள் அந்தக் கப்பலைப் பார்த்ததும் ஊளையிட்டன. "நாய்ங்களுக்கே ஞாபகம் வந்துடுச்சு!" என்று எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சோலைத்திடல்காரர்களும் இதையே நினைத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அவர்களும் ஒரு கப்பல் செய்திருந்தார்கள். அவர்கள் புகைபோக்கி எங்களுடையதைவிட ஒரு பீப்பாய் உயரம், சொல்லித்தான் ஆகவேண்டும்.

பங்குனி பௌர்ணமி, பட்டப்பகல், கடல் ஏறி உச்சத்துக்கு வந்த நேரம். மேடை எழுந்தது. எங்கள் கப்பல் புகைந்தது, நாட்டார் கன்னம் உப்ப ஊதினார். மேடை எங்கள் பக்கம் திரும்பி நாலு எட்டு வைத்தது. அவர்கள் கப்பல் புகைந்தது, அவர்கள் பக்கத்து ஊதல் வந்தது. மேடை திரும்பி அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தது. "இங்கே வா, இங்கே!" என்று இந்தக் கரை கூவியது, "அங்கே போகாதே!" என்று அந்தக் கரை கூவியது. வாழைப்பழத்துக்கும் வெல்லத்துக்கும் நடுவில் விடப்பட்ட மாடுபோல அது இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பி, நடு ஆற்றில், வத்தத்தில் ஆமைமுதுகுபோலத் தெரியும் மணல்திட்டுக்கு அருகில் நின்றுவிட்டது. இரண்டு கப்பலும் புகைத்துக்கொண்டே இருந்தன, ஆற்றின்மேல் புகை மூடி யார் எந்த ஊர் என்று தெரியாமல் போயிற்று.

அப்போது வத்தம் பிடித்தது. பௌர்ணமி வத்தம் எங்கள் ஆற்றில் சாதாரணமானதில்லை, முகத்துவாரம் வாயைத் திறந்து இழுப்பதுபோல இழுக்கும். மேடைக்கு ஒரு கால் வழுக்கியது. எந்தக் கப்பலையும் நம்பமுடியாது என்று அதற்குத் தோன்றியிருக்கவேண்டும், இரண்டு கரைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பியது. திரும்பி, கிழக்கே ஒரு எட்டு வைத்தது. இன்னொரு எட்டு.

ஊதல் நின்றது. முறங்கள் நின்றன. பெண்கள் மட்டும் தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி, தங்கள் தங்கள் காலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், "மணிக்காலே!", "விசில்காலே!" என்று. போனால் போனதுதான். கடலுக்குள் போன எதையும் எந்தச் சட்டமும் திருப்பிக் கொண்டுவராது.

தேசராணி கூப்பிடவில்லை. வாசலில் இருந்த தகரப்பெட்டியைத் தூக்கி ஒரு சின்ன வள்ளத்தில் வைத்தாள், மண் அடுப்பை அதன்மேல் வைத்தாள், கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு புகைக்குள் போனாள். அடுத்து நாங்கள் பார்த்தபோது அவள் மேடையின்மேல் ஏறியிருந்தாள். பெட்டியை நடுவில் வைத்தாள். புடவையை இழுத்து விட்டுக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கையை நெற்றிக்கு மேல் வைத்து, கப்பல் வருகிற திசையைப் பார்த்தாள். வேறொன்றும் செய்யவில்லை. கப்பலுக்குக் காத்திருக்கிறவர்கள் எப்படி உட்காருவார்களோ அப்படி உட்கார்ந்தாள், கொஞ்சம் சலிப்போடும், கொஞ்சம் நிச்சயத்தோடும்.

தூக்கிய காலைத் தூக்கியபடியே மேடை நின்றது.

எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை காலமும் அதன்மேல் கருவாடு காயவைத்தோம், மாலை போட்டோம், வேட்டி கட்டிக்கொண்டு உலாவினோம், அதன் கால்களைக் கொத்தினோம். அதன்மேல் பெட்டியோடு உட்கார்ந்து எந்த ஊருக்காவது போகவேண்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. அது தேடியது கப்பலை இல்லை, பயணியை.

புகைக்குள்ளிருந்து பரசுவின் படகு வந்தது. அவன் ஒரு மூட்டையோடு மேடையில் ஏறினான்.

"எந்த ஊருக்கு?" என்றான்.

"கப்பல் எந்த ஊருக்குப் போகுதோ அந்த ஊருக்கு."

"வர நேரமாகுமா?"

"ஆகட்டும்" என்றாள் தேசராணி. "உக்காரு, யோவ். நின்னா அது மறுபடியும் கிளம்பிடும்."

அவன் மூட்டையின்மேல் உட்கார்ந்தான். மேடை தூக்கிய காலை மெதுவாக இறக்கியது, மணல்திட்டில் ஒவ்வொரு காலாக ஊன்றி, மாடு படுக்குமுன் இடம் பார்ப்பதுபோல ஒருமுறை அசைந்து பார்த்துவிட்டு, நிலைத்தது. பசி வந்ததும் தேசராணி மண் அடுப்பில் சுள்ளி வைத்துக் கஞ்சி போட்டாள். அந்த மெல்லிய புகை நேராக மேலே ஏறியது.

அந்தப் புகையை முதலில் கவனித்தவர் நாட்டார். கருத்த மீசையைத் தடவிக்கொண்டு, "சட்டம்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நிறுத்தியும் பயனில்லை, எல்லோரும் மனதுக்குள் சொல்லி முடித்துவிட்டார்கள். மேடை நிற்கும் இடத்தில் எரிகிற அடுப்பு ஒன்றுதான். விசில்கால், மணிக்கால், கட்டுக்கயிற்றுக்கால், சாய்கால், எல்லாம் இப்போது தேசராணியுடையவை.

அடுத்த வத்தத்தில் பெண்கள் திட்டுக்கு வந்தார்கள், உளிகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. முன்னால் நின்றவள் பவுனம்மா. அவளுக்குக் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை, அதனால் கஞ்சியைப் பற்றிப் பேசினாள், காற்றைப் பற்றிப் பேசினாள், மாப்பிள்ளை இளைத்துவிட்டார் என்றாள்.

"அண்ணி, உளியைக் குடுங்க" என்றாள் தேசராணி.

பவுனம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. உளியை எடுத்து நீட்டினாள். தேசராணி அதை வாங்கி, அதன் முனையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மொக்கை ஆயிடுச்சு. தீட்டித் தரேன். சாய்கால் வழவழன்னு கீது, இதை வெச்சு இன்னாத்தைக் கொத்துவீங்க?" தீட்டி, பவுனம்மாவின் கையிலேயே திருப்பி வைத்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "யாரு காலு யாருதோ அவங்களுக்கேதான். இந்தக் கரையில கட்டிக்கிட்டாலும் சரி, அந்தக் கரையில கட்டிக்கிட்டாலும் சரி, கட்டிக்காமலே இருந்தாலும் சரி. இனிமே இதான் சட்டம். மாத்தணும்னு நெனைக்கிறவங்க இங்கே வந்து அடுப்பு வெச்சுப் பாருங்க, கொசுக்கடி தெரியும்."

யாரும் மாற்ற வரவில்லை.

கல்யாணம் மேடையிலேயே நடந்தது. எங்கள் கப்பலும் அவர்கள் கப்பலும் இரண்டு பக்கத்திலிருந்தும் புகைத்துக்கொண்டு வந்து இடித்தன. இடித்ததில் மேடைக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது என்று பவுனம்மா சொல்கிறாள், கீழே நின்று பார்த்தவள் அவள்தான். தேசராணியும் பரசுவும் அங்கேயே குடியிருக்கிறார்கள். ஒருபக்கம் நண்டு, ஒருபக்கம் ஆளி. அவர்கள் சந்தைக்கோ சினிமாவுக்கோ போகிற நாட்களில் இரண்டு ஊரிலிருந்தும் யாராவது முறைவைத்து, பெட்டியோடு போய் மேடையில் உட்கார்ந்துகொள்கிறோம். போன மாதம் என் முறை. புத்தகம் எடுத்துப் போயிருந்தேன், ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. கப்பல் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன், வராது என்று தெரிந்தும் அடிக்கடி எழுந்து முடியைச் சரிசெய்துகொண்டேன்.

இப்போதும் பெரிய ஏற்றத்தின்போது மேடை லேசாக அசையும். அசைந்தால் தேசராணி குனிந்து பலகையைத் தட்டி, "இதோ வந்துடும், இதோ வந்துடும்" என்பாள், அது அடங்கிவிடும். கர்ப்பமாக இருந்த மாதங்களில் அவளால் குனிந்து கொத்த முடியவில்லை. ஒரு வத்தத்தில் அவள் உளியோடு இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை நாங்கள் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மேடை மற்றக் கால்களை நன்றாக ஊன்றிக்கொண்டு, லாடம் அடிப்பவனுக்கு மாடு காட்டுவதுபோல, நொண்டிக்காலை மெல்லத் தூக்கி, கொத்த வாகாக, அவள் கைக்கு எட்டும் உயரத்தில் நீட்டியது.